செத்தவன் பேரு செக்ரோல்ல

வாடா பேராண்டி, இப்பிடி அடுப்புப் பக்கமா ஒக்காரு. கொழும்புல குளிர்காம்பராவுக்குள்ள குந்தியிருக்குறவனுக்கு ராகலைக் குளிரு ஒண்ணும் புதுசில்ல. அங்க கரண்டு பில்லு கட்டிக் குளிர வைக்கிறாங்க, இங்க சும்மா கெடைக்குது, அவ்வளவுதான்.

ஒங்க அம்மா சொன்னா. ஆபீசுல கம்ப்யூட்டர் கூட்டம் படுத்துக்கிச்சாம். முடிஞ்ச வேலைங்க எல்லாம் போகாம அங்கங்க ஒட்டிக்கிட்டுக் கெடக்காம். லீவு முடிஞ்சு வந்ததும் நீதான் சுத்தம் பண்ணணும்னு பெரியவரு சொல்லிப்புட்டாராம். அதுக்கா மூஞ்சிய இப்பிடித் தூக்கி வச்சிருக்க? என்னய ஒரு வார்த்த கேட்டிருந்தா, சுத்தமே பண்ண வேணாம், இன்னும் நல்லா அழுக்காக்குன்னு வழி சொல்லியிருப்பேனே.

கேட்டுக்க. ஓடுற ப்ரோகிராம நிப்பாட்டணும்னா கன்ட்ரோல் சி அமுக்காத, கன்ட்ரோல் இசட் அமுக்கு. திரையில அது காணாமப் போயிரும், ஒனக்கும் நிம்மதி. அது சாகல, தூங்குது. புடிச்ச மெமரி புடிச்சபடியே இருக்கும். ஆனா ஒண்ணு, இத, நீ வெளிய வந்தாலும் ஓடிக்கிட்டே இருக்குற டீமக்ஸ்குள்ள செஞ்சிட்டு டீமக்ஸ அப்பிடியே விட்டுட்டு வரணும். சும்மா செஞ்சா நீ வெளிய வர்றப்ப அதுவும் செத்துப்போயிரும், அப்புறம் ஒனக்கு என்னா மரியாத? அடுத்தது, நோஹப் போட்டு ஒரு வேலய அவுத்து விட்டுட்டு லேப்டாப்ப மூடிட்டுப் படம் பாக்கப் போ. அது எப்ப முடியும், முடியுமா முடியாதாங்கிறதெல்லாம் கடவுளுக்குத் தெரியும். ஜூபிட்டர் நோட்புக்கா? ஜீ.பி.யூ. நெறைய டேட்டாவ ஏத்தி வச்சிட்டு, பிரவுசர்ல அந்தப் பக்கத்த மட்டும் மூடு. உள்ளுக்குள்ள கெர்னல் உயிரோட இருக்கும். ஜீ.பி.யூ. மெமரிய வேற ஒருத்தனும் தொட முடியாது. வாரக் கடைசிய நீ சந்தோசமா கழி, அவன் ராவு பூரா 'மெமரி பத்தல'ங்கிற வரியப் படிச்சுக்கிட்டு இருக்கட்டும்.

என்னய ஏன் மொறைக்கிற? இதெல்லாம் போன தீவாளிக்கு வந்தப்ப நீ ஒன் கூட்டாளிகிட்ட போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சதுதான். கெழவன் தூங்குறான்னு நெனச்சுப் பேசுன. இந்தப் பக்கம் கெழவனுங்க கண்ண மூடுறது தூங்குறதுக்கு இல்லடா.

எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது, சரி. ஆள் மேய்க்கத் தெரியும். நான் இந்த மலையில கங்காணியா நின்னவன். காலையில பெரட்டுக்களத்துல பேரு கூப்புட்டு, யார் யாரு எந்த மலைக்குன்னு பிரிச்சு அனுப்பி, அந்திக்கு மறுபடி எண்ணி முடிச்சாத்தான் லயத்துக்குத் திரும்புவேன். ஒன் கூட்டத்துல தலைப்பொட்டின்னு ஒண்ணு இருக்கே, அது பெரட்டுக்களம். ஸ்லர்ம்முன்னு சொல்றியே, வேலயப் பிரிச்சுக் குடுக்குறது, அவன் கணக்கப்புள்ள. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாய் ப்ரோசஸ், அதுதான் கங்காணி. அது பெத்துப் போடுற பிள்ளைங்க ஆளுங்க. இத நீயே சொல்லியிருந்தா நான் மூணு வருசத்துக்கு முந்தியே ஒனக்குப் பாடம் எடுத்திருப்பேன். நீ 'டிஸ்ட்ரிபியூட்டட்'னு வாய் நெறையச் சொல்லி என்னயப் பயங்காட்டிட்ட.

இப்ப சொல்லு, ஒரு பழைய ப்ரோசஸ் ஒரு மூலையில கெடந்தா ஒனக்கு என்னா நட்டம்? 'ஒண்ணுதானே தாத்தா'ங்கிற. அங்கதான்டா நீ கணக்குல கோட்ட விடுற.

1994-ல அமெரிக்காவுல நாசாவோட கோடார்ட் நிலையத்துல ஸ்டெர்லிங்கு, பெக்கர்னு ரெண்டு பேரு, கடையில விக்கிற சாதாப் பொட்டிங்க 16 எடுத்து ஒரு வலையில கோத்து, பெயோவுல்ஃப்னு பேரு வச்சு ஒரு பெரிய மெசினு மாதிரி ஓட விட்டாங்க. கோடிக்கணக்குல காசு குடுத்துப் பெரிய கம்ப்யூட்டர் வாங்க முடியாதவங்களுக்கு அது வழியாப் போச்சு. பத்து வருசம் கழிச்சு, 2004-ல, நம்ம சென்னைத் தரமணியில இருக்குற கணித அறிவியல் நிறுவனத்துல அதே பாணியில ஒண்ணு கட்டுனாங்க. பேரு கப்ரு. கஞ்சன்ஜங்காவுக்குப் பக்கத்துல நிக்கிற சிகரத்தோட பேரு அது; கடலோரத்துல ஒக்காந்துக்கிட்டு மலைப்பேரு வைக்கிறாங்க பாரு, அந்த மட்டுக்கு அவங்களுக்கும் மலை மேல மரியாத இருக்கு. 144 பொட்டி. ஒவ்வொண்ணுலயும் 2.4 கிகாஹெர்ட்ஸ் சியான் சில்லு ரெண்டு. மொத்தம் 288. உலகத்துல வேகமான 500 கம்ப்யூட்டர் பட்டியல்ல அந்த வருசம் ஏறுச்சு.

அத எதுக்குக் கட்டுனாங்கன்னு நீதான சொன்ன? அணுவோட கருவுக்குள்ள இருக்குற குவார்க்குங்க எப்பிடி ஒட்டிக்கிட்டு நிக்குதுங்கிற கணக்கு. எடத்தையும் நேரத்தையும் சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சு, ஆளுக்கு ஒரு துண்டுன்னு பொட்டிங்களுக்குக் குடுக்குறது. ஒவ்வொரு அடியிலயும் ஒருத்தன் தன் எல்லையில உள்ள நம்பரப் பக்கத்துக்காரனுக்குக் குடுக்கணும், அவன்கிட்ட இருந்து வாங்கணும். வாங்குனாத்தான் அடுத்த அடி. பக்கத்துக்காரன் பிந்துனா நீயும் பிந்துவ, ஒனக்குப் பக்கத்துல உள்ளவன் ஒன்னால பிந்துவான்.

கொழுந்து மடுவத்துல இதத்தான பாத்தோம். எல்லாரும் நிறுத்து முடிஞ்சாத்தான் லொறி கெளம்பும். ஒருத்தி மட்டும் மேட்டு மலையில இருந்து மெதுவா வந்தா, 40 பேரும் கூடைய எறக்கி வச்சிட்டு நிக்கணும். அதே கணக்க கப்ருல போட்டுப் பாரு. அங்க அப்பிடி நடந்துச்சுன்னு நான் சொல்லல, அந்த அளவுக்குச் சொல்றேன். ஒரே ஒரு பொட்டியில, ஒரே ஒரு சில்லுல, எவனோ விட்டுட்டுப் போன ப்ரோசஸ் ஒண்ணு சில்லோட பாதி நேரத்தத் தின்னுக்கிட்டு இருக்குன்னு வய்யி. அந்தச் சில்லுக்குக் குடுத்த பங்கு முடிய ரெண்டு மடங்கு நேரம் ஆகும். மிச்சம் 287-ம் அதுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும். அப்ப மொத்த வேலயும் ரெண்டு மடங்கு. ஒரு சில்லுல பாதி போனதுக்கு, முழுக் கூட்டத்துல பாதி போச்சு.

இதுல இன்னொரு வேடிக்க. நிக்கிறது வெளிய தெரியாது. பொட்டிங்களுக்குள்ள சேதி மாத்துற எம்.பி.ஐ. காத்துக்கிட்டு இருக்குறப்பவும் 'வந்துச்சா, வந்துச்சா'ன்னு சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டே இருக்கும். டாப் போட்டுப் பாத்தா ஒவ்வொரு சில்லும் நூறு வீதம் வேல செய்யிறதாத்தான் காட்டும். தொர வர்ற சத்தம் கேட்டதும் கைய வேகமா ஆட்டுற ஆளுங்கள நான் எத்தனை பாத்திருக்கேன். ஒன் பெரியவரு அந்த நூறு வீதத்தப் பாத்துட்டு 'நம்ம கூட்டம் நல்லா ஒழைக்குது'ன்னு மேலிடத்துக்கு அறிக்க அனுப்பியிருப்பாரு. அனுப்பட்டும், நீ ஒண்ணும் சொல்லாத.

சரி, அந்தப் பழைய ப்ரோசஸ் எங்க இருந்து வந்துச்சு? நீ அனுப்புனதுதான். தலைப்பொட்டியில எம்.பி.ஐ. ரன்னுன்னு ஒருத்தன நிறுத்தி வைக்கிற. அவன் எஸ்.எஸ்.ஹெச். போட்டு அங்கங்க ஆள எறக்குறான். பாதியில ஒனக்குக் கோவம் வருது. கோவம் வந்ததும் ஒன் கை நேரா 'கில் மைனஸ் நைன்'னு அடிக்குது. ஒன்பதுன்னா அது கேள்வி கேக்காத வெட்டு. வாங்குனவனுக்கு மூச்சு விட நேரமில்ல, மத்தவங்களுக்குச் சொல்லி அனுப்ப நேரமில்ல, கையில இருக்குற சாமான வைக்க நேரமில்ல. கங்காணி பெரட்டுக்களத்துலயே விழுந்துட்டான். மேட்டு மலையில நிக்கிற ஆளுக்கு அந்தச் சேதி எப்பிடித் தெரியும்? அவன் பாட்டுக்கு வெட்டிக்கிட்டே இருக்கான். யாருக்கு வெட்டுறான், எதுக்கு வெட்டுறான், கேக்க ஆளில்ல. அந்தப் பொட்டியில உள்ள ஒண்ணாம் நம்பர் ப்ரோசஸ் அவனத் தத்தெடுத்துக்கும். அது நல்ல மனசுக்காரன், ஆனா வேல நிறுத்தச் சொல்ல மாட்டான்.

பதினஞ்சாம் நம்பர் சிக்னல்னு ஒண்ணு இருக்கு, தெரியுமில்ல? 'முடிச்சுக்கப்பா'ன்னு சொல்றது. ஒழுங்கா எழுதுன ப்ரோகிராம்னா, அது வாங்குனவன் பிள்ளைங்களுக்குச் சொல்லி, தொறந்த ஃபைல மூடி, எடுத்த எடத்தத் திருப்பிக் குடுத்துட்டுப் போவான். ஸ்லர்ம்முக்கே அந்த மரியாத இருக்கு. ஒரு வேலைக்குக் குடுத்த நேரம் முடிஞ்சா, மொதல்ல பதினஞ்ச அனுப்பும். அப்புறம் வழக்கமா 30 செக்கண்டு பொறுக்கும். அதுக்கும் போகலன்னாத்தான் ஒன்பது. ஒரு மெசினு 30 செக்கண்டு பொறுக்குது. நீ என் பேரன், மூணு செக்கண்டு பொறுக்க மாட்டேங்கிற. யாரு ரத்தம்னு தெரியல, ஒன் ஆத்தா பக்கமா இருக்கும்.

இப்ப செத்தவங்க கதைக்கு வா. பீ.எஸ். போட்டா ஒரு பட்டியல் வருதே, அதுல சில வரிக்குப் பக்கத்துல 'இசட்'டுன்னு ஒரு எழுத்து நிக்கும், கடைசியில 'டிஃபங்ட்'னு எழுதியிருக்கும். அதப் பாத்துத்தான் நீ ரொம்பப் பயந்து போன. ஸோம்பி, ஸோம்பின்னு கத்திக்கிட்டு அதுக்கும் ஒன்பது அடிச்ச. போகல. இன்னொரு தடவ அடிச்ச. போகல. செத்தவன மறுபடி மறுபடி வெட்டுனா எப்பிடிடா போவான்?

செக்ரோல் பாத்திருக்கியா நீ? நீளமான புத்தகம். எடது பக்கம் ஆளு பேரு, மேல தேதிங்க. முழுப்பேருக்கு ஒரு குறி, அரைப்பேருக்கு வேற குறி. ஆளு செத்துப்போனா அவன் எழும்பி வந்து தன் பேர வெட்ட முடியுமா? கங்காணி போயி, 'இன்னார் போயிட்டாரு, கணக்கு இது'ன்னு சொல்லணும். சொன்னாத்தான் பேரு வெட்டுவாங்க. அந்தக் காலத்துல கங்காணிக்குத் தலைக்காசுன்னு ஒண்ணு உண்டு. பெரட்டுக்கு எத்தன தலையோ அத்தனைக்கும் காசு. அப்ப செத்தவன் பேர வெட்டச் சொல்லி ஓடி வர்றதுக்கு எவனுக்கு அவசரம் இருக்கும்னு நீயே யோசி. நான் கங்காணியா நின்ன காலத்துல தலைக்காசு இல்ல. இருந்திருந்தா என்னா பண்ணியிருப்பேன்னு கேக்காத.

ஸோம்பிங்கிறது அந்தப் பேருதான். ஆளு இல்ல. அதுக்கு மெமரி இல்ல, சில்லு வேல இல்ல. தான் எப்பிடி முடிஞ்சேங்கிற ஒரு நம்பர மட்டும் கையில வச்சுக்கிட்டுக் காத்து நிக்குது. தாய் ப்ரோசஸ் 'வெய்ட்'னு ஒரு வார்த்த கேட்டு அந்த நம்பர வாங்கிக்கிட்டா, அடுத்த நொடி போயிரும். தாய் கேக்காதது அந்த ப்ரோகிராம எழுதுனவன் குத்தம். அது யாரு எழுதுனதுன்னு நான் கேக்கல, நீயும் சொல்ல வேணாம். அதனால வெட்டணும்னா செத்தவன வெட்டாத, கணக்கு முடிக்காம நிக்கிற தாய அனுப்பி வையி. தாய் போனா பிள்ளைங்கள ஒண்ணாம் நம்பர் எடுத்துக்கும். தத்தெடுக்குறவன் வேல நிறுத்த மாட்டான்னு சொன்னேனே, ஆனா பேரு வெட்டுறதுல அவன் ரொம்பக் கெட்டிக்காரன். ஒரு செக்கண்டுல எல்லாத்தையும் தீத்திருவான்.

ரெண்டொரு ஸோம்பி கெடந்தா ஒண்ணும் குடி முழுகிப்போகாது. ஆனா செக்ரோல்லயும் ஒரு கடைசிப் பக்கம் இருக்கு. லினக்ஸ்ல ப்ரோசஸ் நம்பருக்கு ரொம்ப காலமா வழக்கமா இருந்த உச்சம் 32,768. 64 பிட்டு மெசின்ல அத 41,94,304 வரைக்கும் கூட்டலாம். கூட்டாம விட்டு, ஒரு ப்ரோகிராம் ராவு பூரா பிள்ள பெத்துக்கிட்டே இருந்து ஒண்ணையும் கணக்கு முடிக்கலன்னு வய்யி, விடியக்காலம் புது ஆளுக்குப் பேரு எழுத எடம் இருக்காது. சும்மா 'எல்.எஸ்.'னு அடிச்சாக்கூட ஓடாது. அப்ப வந்து மெமரி இன்னும் கொள்ளையா இருக்கேன்னு தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிப்ப.

சரிப்பா, சுத்தம் பண்ணத்தான் போற. எப்பிடிப் பண்ணுவ? 'கில்லால்'னு அடிச்சு பைத்தானுன்னு பேரு இருக்குற எல்லாத்தையும் ஒரே போடு, அப்பிடித்தான? வீரன்டா நீ. ஒன் பைத்தானும் போகும், பக்கத்து மேசைப் பொண்ணு ஒரு கெழமையா ஓட்டிக்கிட்டு இருக்குற பைத்தானும் போகும். ரூட்டு அதிகாரம் வேற ஒன் கையில குடுத்திருக்காங்க, கலிகாலம். லினக்ஸ்ல கில்லால்னா பேரச் சொன்னாத்தான் கொல்லும். சொலாரிஸ்ன்னு ஒரு பழைய யூனிக்ஸ் இருக்கே, அதுல கில்லால்னா பேரே கேக்காது. ஓடுற அத்தனையையும் கொல்லும். மெசின மூடுறதுக்குன்னு செஞ்ச கட்டள அது. பழக்க தோசத்துல அங்க போயி ரூட்டுல அடிச்சவங்கள நெனச்சா எனக்குச் சிரிப்பும் வருது, பாவமாவும் இருக்கு.

ஸ்லர்ம்ம 2002-ல லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்துல ஆரம்பிச்சாங்கன்னு நீதான் பீத்துன. அதோட ஒரு மாதிரி எபிலாக் ஸ்க்ரிப்டு வரும், வேல முடிஞ்சதும் பொட்டியத் தொடைக்கிறதுக்கு. அது பொறுமையா என்னா பண்ணுதுன்னு பாத்தியா? மொதல்ல ஆளோட நம்பரப் பாக்குது. சின்ன நம்பருன்னா அது சிஸ்டத்தோட சொந்த ஆளு, தொடாம வெளிய வந்திரும். அப்புறம், இதே ஆளுக்கு இதே பொட்டியில வேற வேல எதுவும் இன்னும் ஓடுதான்னு விசாரிக்குது. ஓடுனா கைய வைக்காது. இதெல்லாம் பாத்துட்டுத்தான் அந்த ஆளு பேர்ல உள்ளத முடிக்குது. கொல்றது ஒரு வரி. கொல்றதுக்கு முந்தி யாருது, எவருதுன்னு கேக்குறதுதான் மிச்ச வரி எல்லாம். நல்ல கணக்கப்புள்ள எழுதுனது மாதிரி இருக்கு.

இந்த விட்டுப்போன ப்ரோசஸுங்கள மிச்சம், மிச்சம்னு நீ வாய்க்கு வாய் சொல்றப்ப எனக்கு வயித்தப் பெசையுது பேராண்டி. 1964-ல இலங்கைப் பிரதமர் சிறிமா அம்மாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரி ஐயாவும் ஒக்காந்து எங்க மலையகத் தமிழாளுங்களப் பிரிச்சாங்க. 5,25,000 பேரு இந்தியாப் பக்கம், 3,00,000 பேரு இலங்கைப் பக்கம். அதுக்கும் மேல 1,50,000 பேரு எந்தப் பக்கமும் எழுதப்படாம நின்னாங்க. அவங்கள அப்புறமாப் பாத்துக்கலாம்னு ரெண்டு அரசாங்கமும் காயிதத்த மடிச்சு வச்சிருச்சு. பத்து வருசம் கழிச்சு, 1974-ல, ஆளுக்கு 75,000-னு பாதியா வெட்டிக்கிட்டாங்க. பட்டியல் எழுதுறவனுக்கு அது ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள்ள லயம் லயமா ஆளு இருந்துச்சு. ஒன் ப்ரோசஸுக்கு வலிக்காது, தெரியும். ஆனா அதுக்குப் பின்னால ஒக்காந்திருக்குறவனுக்கு வலிக்கும். ஆருது இதுன்னு கேட்டுட்டு வெட்டு, அவ்வளவுதான் சொன்னேன். மூஞ்சிய அப்பிடி வைக்காத, தேத்தண்ணியக் குடி, ஆறிப்போகுது.

ப்ரோசஸ மட்டும் வெட்டிட்டா தீந்துச்சான்னா, இல்ல. ஆளு போயிட்டான், ஸ்டோர்ல இருந்து அவன் எடுத்துட்டுப் போன கவ்வாத்துக் கத்தி திரும்பி வரல. ஷேர்டு மெமரின்னு சொல்ற பாரு, ஒரே பொட்டியில உள்ள ப்ரோசஸுங்க தங்களுக்குள்ள பேசிக்க எடுத்து வச்சுக்கிற பொது எடம். பழைய யூனிக்ஸ் முறையில எடுத்ததுன்னா, எடுத்தவன் செத்தாலும் அந்த எடம் சாகாது. யாராவது வெட்டணும், இல்லன்னா மெசினயே அணைச்சுப் போடணும். சாவியில்லாப் பூட்டு மாதிரி செமஃபோரும் அப்பிடியே தொங்கிக்கிட்டு நிக்கும். மெசின்ல செமஃபோர் இத்தனதான்னு ஒரு அளவு இருக்கு. அது தீந்தா புது வேல ஏறவே ஏறாது. ஏறாததுக்கு அது காட்டுற காரணம் என்னா தெரியுமா? 'டிஸ்க்ல எடமில்ல'. நீ டிஸ்க்க நோண்டிக்கிட்டே ஒரு நாளக் கழிப்ப. டிஸ்க்குல பாதிக்கு மேல காலியா இருக்கும்.

ஐ.பி.சி.எஸ். மைனஸ் எம்-னு அடிச்சுப் பாரு. வரி வரியா வரும்: ஒரு நம்பரு, சொந்தக்காரன் பேரு, எத்தன பைட்டு, அப்புறம் 'என்.அட்டாச்'னு ஒரு பத்தி. இப்ப எத்தன பேரு அதப் புடிச்சிருக்காங்கிற கணக்கு அது. அங்க பூச்சியம் நின்னா ஒருத்தனும் புடிக்கல. பூச்சியம் நிக்கிற வரியில, சொந்தக்காரன் பேரு ஒன் பேரா இருந்தா, ஐ.பி.சி.ஆர்.எம். போட்டு எடுத்திரு. பேரு வேற ஆளா இருந்தா எழும்பி நடந்து போயி அவன்கிட்ட கேளு. நடந்தா ஒடம்புக்கும் நல்லது, ஒனக்குத் தொப்ப வேற போடுது. சில ப்ரோகிராமு விட்டு விட்டு ஒட்டிக்கும், அதனால இப்ப பூச்சியமா இருக்குறது எப்பவும் அநாதைன்னு அர்த்தமில்ல.

டெவ் எஸ்.ஹெச்.எம்-னு இன்னொரு அலுமாரி. பாத்தா ஃபைலு மாதிரி இருக்கும், ஆனா உள்ள இருக்குறது பூரா மெமரி. வழக்கமா மெசினோட மெமரியில பாதி வரைக்கும் அதுக்குள்ள போட விடும். எம்.பி.ஐ. வேல நடுவுல செத்தா அதுக்குள்ள ஃபைல விட்டுட்டுச் சாகும். பீ.எஸ். போட்டா ஒருத்தனும் ஓடல, மெமரியப் பாத்தா பாதி இல்ல. பேய் தின்னுச்சான்னு தேடுவ. அந்த அலுமாரியத் தொறந்து பாக்க மாட்ட.

இது இன்னைக்கு நேத்து வந்த நோவு இல்ல. எம்பிச்சுன்னு ஒரு எம்.பி.ஐ.ய எழுதுனவங்களே அதோட கூட 'க்ளீன் ஐ.பி.சி.எஸ்.'னு ஒரு ஸ்க்ரிப்ட வச்சு அனுப்புனாங்க. லாம்னு ஒரு பழைய எம்.பி.ஐ. இருந்துச்சு, ஒஹாயோ சூப்பர்கம்ப்யூட்டர் மையத்துல தொடங்குனது. அதுல வேல குழம்பிப்போனா ஓடுறத எல்லாம் தொடைக்க 'லாம் க்ளீன்'னு ஒரு கட்டள. செய்யிறவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, ஒன்ன மாதிரி ஆளுங்க வருவாங்கன்னு. கல்யாணப் பத்திரிக அடிக்கிறப்பவே பந்தியத் தொடைக்க ஆளு பேசுறவங்க அவங்க.

இப்ப பெரிய மந்திரம் ஒண்ணு இருக்குதே, சீ குரூப்பு. 2006-ல கூகுள்ல ஆரம்பிச்சு, 2008 ஜனவரியில லினக்ஸ் 2.6.24-ல வந்துச்சு. எனக்கு இது ரொம்பப் புடிச்சிருக்கு. முந்தியெல்லாம் ஒரு ப்ரோசஸு ரெண்டு தடவ பிள்ள பெத்துப்போட்டு, செட்சிட்னு ஒரு வேல பண்ணி, நான் அந்தக் கங்காணி ஆளே இல்லன்னு தப்பிச்சுரும். அப்புறம் அதத் தேட முடியாது. சீ குரூப்புல அந்தச் சால்சாப்பு நடக்காது. வேல தொடங்குறப்பவே ஒரு கூட்டத்துல எழுதிருவாங்க. பொறந்தது, அதுக்குப் பொறந்தது, அதுக்கும் பொறந்தது எல்லாம் தானா அதே கூட்டத்துல சேரும். ஓடிப்போனாலும் பேரு இங்கதான். வேல முடிஞ்சதும் அந்தக் கூட்டத்துல யாரு மிச்சம்னு பாத்து எல்லாரையும் ஒண்ணா முடிச்சிரலாம். எத்தன மெமரி திங்கலாம்னு அளவும் வைக்கலாம். ஸ்லர்ம்முல ஆளத் தேடுற பொறுப்ப சீ குரூப்புக்குக் குடுத்திட்டா, ஒன் வேலயில முக்காவாசி கொறையும். இத இன்னும் போடாம வச்சிருக்காங்களா ஒங்க ஆபீசுல? அப்ப சுத்தம் பண்ணச் சொல்றவருக்குத்தான் மொதல்ல சுத்தம் பண்ணணும். இத நான் சொன்னதா அவர்கிட்ட சொல்லாத, ஒன் யோசனைன்னு சொல்லு. சம்பளம் கூடுனா எனக்கு ஒரு கம்பளி எடுத்துக் குடு.

ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் மந்திரமும் இல்ல, மருந்தும் இல்ல. பீ.எஸ்.ல 'டி'ன்னு எழுத்து நிக்கிற ப்ரோசஸு. அது தூரத்து டிஸ்க்குல இருந்து ஏதோ வரணும்னு காத்துக்கிட்டு, லினக்ஸ் கெர்னலுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கும். ஒன்பது அடிச்சாலும் அது காதுல விழாது. அந்த டிஸ்க்கு பதில் சொன்னாத்தான் திரும்பிப் பாக்கும், பாத்ததும் அடி வாங்கிச் சாகும். அது வரைக்கும் நிக்கும். ஸ்லர்ம்மு ஒன்பது அடிச்சிட்டு வழக்கமா 60 செக்கண்டு பாக்கும். போகலன்னா அந்தப் பொட்டியவே ஓரமா ஒதுக்கி வச்சிரும், புது வேல அனுப்பாது. நல்ல புத்தி. நீயும் அந்தப் பொட்டியோட மல்லுக்கட்டாம, டிஸ்க்கு இருக்குற சர்வருக்கு என்னா நோவுன்னு போயிப் பாரு. அதுவும் ஆகலன்னா மெசின அணைச்சுப் போடு. அதுல ஒண்ணும் வெக்கமில்ல.

இனிமே ஸ்க்ரிப்டு எழுதுறப்ப மொத வரியிலயே ட்ராப் ஒண்ணு போட்டு வய்யி, எக்சிட்டுன்னா இதெல்லாம் தொடைன்னு. நல்லா முடிஞ்சாலும் அதுவே ஓடும், கெட்டு முடிஞ்சாலும் அதுவே ஓடும், பதினஞ்சு வாங்குனாலும் பாஷ்ல ஓடும். ஒன்பது வாங்குனா மட்டும் ஓடாது. அதான் ஒன்பது அடிக்காதன்னு இவ்வளவு நேரம் தொண்டை வத்தக் கத்துறேன்.

போனதும் அன்னைக்கே எதையும் தொடாத. எந்தப் பொட்டி, எந்த நம்பரு, யாரு பேரு, எத்தன நாளா ஓடுதுன்னு ஒரு பட்டியல் எழுதி எல்லாருக்கும் அனுப்பு. வெள்ளிக்கெழம அந்திக்குள்ள வந்து சொல்லாதது போயிரும்னு கீழ ஒரு வரி. மொத பேரா ஒன் பேரப் போடு. டீமக்ஸுல தூங்குறது, நோட்புக்குல ஒக்காந்திருக்குறது எல்லாத்தையும் ஒளிக்காம போடு. அப்ப எவனும் வாயத் தொறக்க மாட்டான். பெரியவரு பேரும் அதுல இருக்கும், இல்லாம எப்பிடிப் போகும்? அத கடேசி வரியில போடு. அவரு எப்பவும் பாதிக்கு மேல படிக்க மாட்டாருன்னு நீதான் சொல்லியிருக்க. மத்தவங்க படிச்சுக்குவாங்க.